டோப்பிங்: மாசூட்டலா, உறையிடலா?

திருப்பூரிலிருந்து:
அன்புடையீர், முதுகலை வேதியியல் பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. துத்தநாக ஆக்சைடு நானோ துகள்கள் பற்றியது. படிகத்தில் சில அணுக்களின் இடத்தில் வேற்று அணுக்களைப் புகுத்தும் டோப்பிங்கை, பாடநூல் வழக்கப்படி 'மாசூட்டல்' என்று எழுதினேன். இப்படி ஒரு வரி வந்து நிற்கிறது: 'மாசூட்டிய துகள்கள் வெயிலில் சாயநீரின் மாசை நீக்குகின்றன.' படித்த மாணவி சிரித்துவிட்டாள். வேறு சொல் தாருங்கள்.

மதுரையிலிருந்து:
உறையிடல். புறநானூறு 276-இல், தனியொருவனாகப் பகைப்படையைக் கலக்கியவனுக்குக் 'குடப்பால் சில்லுறை'தான் உவமை. ஆய்மகள் நகத்தால் தெறித்த உறைமோர்த் துளி, குடப்பாலையே மாற்றிவிடுகிறது. நூறு துத்தநாக அணுக்களில் இரண்டின் இடத்தில் அலுமினியம் புகுந்தால் மின்கடத்தல் பெருகுகிறதே, இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

சென்னையிலிருந்து:
உவமை அருமை, சொல் ஆகாது. வெயில் காப்புக் களிம்பில் சேரும் துகள்களுக்கு மேலே சிலிக்கா பூசுகிறார்கள். அதுவும் உறைதான். 'உறையிட்ட துகள்' என்றால் மாணவர் எதை நினைப்பார்? தவிர, பால் தயிராகிவிடும். இங்கே படிகம் அப்படியே இருக்கிறது. புகுந்த அலுமினியம் ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகத் தருகிறது, அவ்வளவே. மாசூட்டல் வேரூன்றிய சொல். விட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
நாங்கள் துத்தநாகத்தை 'நாகம்' என்றே எழுதுகிறோம். ஆக்சைடும் எமக்கு ஒட்சைட்டு. முதலில் அதைத் தீர்த்துவிட்டால் என்ன?

மதுரையிலிருந்து:
ஐயா நல்ல இடத்தைத் தொட்டீர்கள். துத்தம் ஏழிசையில் இரண்டாவது. மயில்துத்தமோ செம்பின் உப்பு, வெள்ளைத்துத்தம் துத்தநாகத்தின் உப்பு. இசைக்கும் உப்புக்கும் என்ன உறவு என்று நெடுநாளாக யோசித்து வருகிறேன்.

திருப்பூரிலிருந்து:
ஐயா, திங்கட்கிழமை!

சேலத்திலிருந்து:
'கலப்பு' என்று எளிமையாக எழுதினால் யாருக்கும் புரியுமே?

சென்னையிலிருந்து:
புரியும், தவறாகப் புரியும். அரிப்புக்குப் பூசும் காலமைன் புட்டியைப் பாருங்கள். துத்தநாக ஆக்சைடு வெள்ளை. சிறிதளவு இரும்பு ஆக்சைடு சேர்ந்ததால்தான் அந்த இளஞ்சிவப்பு. அது கலப்பு. புட்டியை அலமாரியில் வைத்திருந்தால் மேலே நீர் தெளிந்து, அடியில் வண்டல் தங்கும். அதனால்தான் குலுக்கிப் பூசுகிறோம். படிகத்துக்குள் அணுவின் இடத்தையே பிடித்துக்கொண்டதைக் குலுக்க முடியாது.

சேலத்திலிருந்து:
அப்படியானால் 'பிரையூட்டல்'? எங்கள் வீட்டில் உறைமோரைப் பிரைமோர் என்போம். மதுரை ஐயாவின் உவமையும் தங்கும், பூச்சோடு குழப்பமும் வராது.

மதுரையிலிருந்து:
சங்கப் பாட்டில் 'உறை' இருக்கும்போது பிரை எதற்கு?

சென்னையிலிருந்து:
பால் தயிராகிற சிக்கல் பிரையிலும் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் இரண்டில் ஒன்று என்றால் பிரை.

திருப்பூரிலிருந்து:
அனைவருக்கும் நன்றி. மாசூட்டலே அச்சுக்குப் போய்விட்டது, பிரையூட்டல் அடிக்குறிப்பில். சிரிப்பு வந்த வரியை 'சாயத்தைச் சிதைக்கின்றன' என்று மாற்றிவிட்டேன்.

மதுரையிலிருந்து:
அடிக்குறிப்பிலாவது உறையைச் சேர்த்திருக்கலாம். துத்தம் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.