எக்சோசோம் கொடுத்தால் டிஎன்எஃப் குறைகிறது, ஐஎல்-6 உயர்கிறது: எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி (ஆய்வு மாணவி):
வணக்கம். மீசென்கைமல் ஸ்டெம் செல்களின் (எலும்பு, கொழுப்பு போன்ற திசுச் செல்களாக மாறக்கூடியவை) வளர்ப்பு ஊடகத்திலிருந்து அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் (அதிவேகச் சுழற்றி) மூலம் பிரித்தெடுத்த எக்சோசோம்களை (செல்கள் வெளியிடும் நுண்பைகள்), ரா 264.7 என்னும் சுண்டெலி மேக்ரோபேஜ்களுக்கு (நோயெதிர்ப்பு விழுங்குசெல்கள்) 24 மணி நேரம் முன்னதாகக் கொடுத்துவிட்டு, பிறகு எல்பிஎஸ் (எண்டோடாக்சின் எனப்படும் பாக்டீரியா நச்சு) சேர்த்து அழற்சியைத் தூண்டுகிறேன். எலிசாவில் (புரத அளவைக் காணும் சோதனை) டிஎன்எஃப் ஆல்ஃபா என்னும் அழற்சிப் புரதம் தெளிவாகக் குறைகிறது. ஆனால் எல்பிஎஸ் இல்லாமல் எக்சோசோம் மட்டும் சேர்த்த வளர்ப்புத் தட்டின் குழிகளில் ஐஎல்-6 என்னும் மற்றொரு அழற்சிப் புரதம் சற்றே உயர்ந்திருக்கிறது. இதை அழற்சி எதிர்ப்புச் செயல்பாடு என்று எழுதலாமா?

பதில் (நோயெதிர்ப்பியல்):
இப்போதைக்கு எழுத வேண்டாம். அந்த ஐஎல்-6 உயர்வுதான் உங்கள் தரவில் மிக முக்கியமான தகவல். எக்சோசோம் மாதிரியில் எண்டோடாக்சின் சிறிதளவு கலந்திருந்தாலும் மேக்ரோபேஜ்கள் முதலில் லேசாகத் தூண்டப்படும். மறுநாள் நீங்கள் எல்பிஎஸ் சேர்க்கும்போது, ஏற்கெனவே அதைச் சந்தித்துவிட்ட செல்கள் டிஎன்எஃப்பைக் குறைவாகவே சுரக்கும். எண்டோடாக்சின் சகிப்புத்தன்மை எனப்படும் இந்த நிலை, பார்வைக்கு அழற்சி தணிந்ததைப் போலவே இருக்கும்.

எண்டோடாக்சினை அளவிடும் எல்ஏஎல் சோதனை செய்யுங்கள். நுண்பைகள் அச்சோதனைக்கே இடையூறு செய்யக்கூடும் என்பதால், தெரிந்த அளவு எண்டோடாக்சினை மாதிரியில் சேர்த்து, அது 50 முதல் 200 சதவீதத்துக்குள் மீண்டும் அளவிடப்படுகிறதா என்று பாருங்கள். மாதிரியின் ஒரு பகுதியைக் கொதிக்க வைத்தும் சோதிக்கலாம்: எல்பிஎஸ் அந்த வெப்பத்தைத் தாங்கும் என்பதால், விளைவு அப்படியே நீடித்தால் ஐயம் வலுக்கிறது. எண்டோடாக்சினைப் பிணைத்து முடக்கும் பாலிமிக்சின் பி பயன்படுத்துவதானால், எல்பிஎஸ் சேர்க்கும் முன் செல்களை நன்கு கழுவிவிடுங்கள். இல்லையேல் அது உங்கள் தூண்டியையும் முடக்கிவிடும்.

பதில் (செல் வளர்ப்பு):
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். எண்டோடாக்சின் இல்லை என்று உறுதியான பிறகும், விளைவு நுண்பைகளுடையதா, அவற்றோடு சேர்ந்து படிந்த கரையும் புரதங்களுடையதா என்ற கேள்வி நிற்கும். செல்களே வளராத ஊடகத்தையும் அதே முறையில் சுழற்றி, அதன் படிவைக் கட்டுப்பாட்டு மாதிரியாக வையுங்கள். ஊடகத்தில் மாட்டுச் சீரம் இருந்தால் அதன் நுண்பைகளும் உங்கள் படிவில் இருக்கும்; இந்த ஒப்பீடு அதையும் காட்டிக்கொடுக்கும். ஃபைப்ரோபிளாஸ்ட் (சாதாரண இணைப்புத் திசு செல்) எக்சோசோம்களும் இதே அளவு டிஎன்எஃப்பைக் குறைத்தால், அது ஸ்டெம் செல்லுக்கே உரிய பண்பு அல்ல. அளவைப் புரத எடையில் மட்டும் சொல்லாமல் துகள் எண்ணிக்கையிலும் குறிப்பிடுங்கள். அழற்சியைத் தணிக்கும் மருந்தான டெக்சாமெத்தசோன் சேர்த்த குழிகளும், செல்கள் உயிரோடிருப்பதைக் காட்டும் சோதனையும் அவசியம். இறந்த செல்களும் டிஎன்எஃப் சுரப்பதில்லை.

ஆய்வு மாணவி:
மிக்க நன்றி. எல்ஏஎல் முடிவு வரும்வரை டிஎன்எஃப் வரைபடத்தை அறிக்கையில் சேர்க்கப் போவதில்லை. அடுத்த சுற்றில் எக்சோசோமை எல்பிஎஸ்ஸுக்கு முன்பு மட்டுமல்லாமல், பின்பும் கொடுத்துப் பார்க்கிறேன்.

நோயெதிர்ப்பியல்:
நல்ல முடிவு. பின்னர் கொடுக்கும்போது டிஎன்எஃப் முன்கூட்டியே சுரந்து முடிந்திருக்கலாம். ஆகவே ஐஎல்-6 அளவையும் சேர்த்தே எடுங்கள்.