சதாமைத் தூக்கிலிட்டதை வத்திக்கான் ஏன் ஏற்கவில்லை?

கேள்வி: 2006 டிசம்பர் 30-இல் இராக்கின் முன்னாள் அதிபர் சதாம் உசேனைத் தூக்கிலிட்டபோது வத்திக்கான் வருந்தியது. பைபிளில் ரோமர் 13:4 ஆள்வோர் கையில் தண்டிக்கும் பட்டயம் (வாள்) இருப்பதாகச் சொல்கிறதே, பிறகு ஏன்?

பதில் 1: வசனத்தை யாரும் மறுக்கவில்லை. போப் இரண்டாம் யோவான் பவுல் 1995-இல் வைத்த அளவுகோலைப் பாருங்கள்: அடைத்துவைத்தே மக்களைக் காக்க முடியுமென்றால் கொல்லக் கூடாது. சதாம் ஏற்கெனவே காவலில்தானே இருந்தார்! அரிதான விதிவிலக்குக்கு அப்போது இடமிருந்தது. 2018-இல் போப் பிரான்சிஸ், கத்தோலிக்கப் போதனைகளைத் தொகுத்த மறைக்கல்வி நூலின் 2267-ஆம் பத்தியைத் திருத்தி அதையும் எடுத்துவிட்டார்.

பதில் 2: எல்லாச் சபையும் அப்படியில்லை. அமெரிக்கத் தென் பாப்டிஸ்டுகள் 2000-இல் மரண தண்டனையை ஆதரித்தே தீர்மானம் போட்டார்கள். மனித இரத்தத்தைச் சிந்துகிறவனின் இரத்தம் மனிதனாலேயே சிந்தப்படும் என்ற ஆதியாகமம் 9:6 அவர்களுக்குப் போதும்.

பதில் 3: இறையியலை விடுங்கள். இராக்கின் துஜைல் ஊரில் 148 பேரைக் கொன்ற வழக்கிலேயே தூக்கு முடிந்தது. குர்துகளை அழித்த அன்ஃபால் வழக்கில் அவர்மீதான குற்றச்சாட்டு அத்தோடு கைவிடப்பட்டது. கூண்டில் மிஞ்சியது சதாமின் உறவினர் அலி ஹசன் அல் மஜீதும் மற்றவர்களும்தான்.