கிரேக்கத்தில் எட்டு நாள் கார் பயணம்: எதை விடுவது?

கேள்வி:
அக்டோபரில் நானும் கணவரும் அம்மாவும் கிரேக்கம் போகிறோம். ஏதென்ஸில் கார் எடுத்து, சின்ன ஊர்களாகப் பார்க்க ஆசை. எட்டு நாளில் பெலொப்பொனீஸ் தீபகற்பம், டெல்பியின் பழங்காலக் கோயில், மெட்டியோராவின் பாறை உச்சி மடங்கள் மூன்றும் முடியுமா? அம்மாவுக்கு 67 வயது, சுத்த சைவம், மலைப்பாதையில் தலைசுற்றும்.

பதில் 1:
மெட்டியோராவை இந்த முறை விட்டுவிடுங்கள். அது வடக்கே, பெலொப்பொனீஸ் தெற்கே. பாதி நாள்கள் நெடுஞ்சாலையிலேயே போய்விடும்.

முதல் இரண்டு இரவு நாஃப்பிலியோ. 1834 வரை கிரேக்கத்தின் தலைநகராக இருந்த ஊர். பலமிதி கோட்டைக்கு அம்மாவைப் படியேற விடாதீர்கள். பின்பக்கமாகக் கார் ரோடு மேல்வாசல் வரை போகிறது. அப்புறம் கடலை ஒட்டியே லியோனிதியோ. ஊருக்குப் பின்னால் செக்கச்செவேலென்று பாறைச் சுவர். அங்கிருந்து கொஸ்மாஸ் கிராமத்துக்கு ஏறும் வழியில்தான் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் எலோனா மடம். நான் ஓட்டியதிலேயே மனதைவிட்டுப் போகாத சாலை அதுதான்.

வழியெல்லாம் இரும்புக் காலில் நிற்கும் குட்டித் தேவாலயப் பெட்டிகளைப் பார்ப்பீர்கள். ஒன்றின் அருகே இறங்கிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் புனிதர் படம், எண்ணெய் விளக்கு, மீதி எண்ணெய் ஒரு தண்ணீர் பாட்டிலில். விபத்தில் இறந்தவர்களுக்காக வைப்பார்கள், பிழைத்தவர்கள் நன்றியாகவும் வைப்பார்கள். அதற்கப்புறம் வளைவில் அப்படி ஒரு பெட்டி தெரிந்தாலே கால் தானாக பிரேக்குக்குப் போனது.

அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள். அவருக்கு முடியாது என்றால் திரிப்போலி, ஸ்பார்ட்டா வழியாகப் பெரிய சாலையிலேயே கடலோரக் கோட்டை ஊரான மோனெம்வசியா போய்விடலாம்.

பதில் 2:
சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். தவெர்னாவில் (உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடை) 'லாதெரா' என்று கேளுங்கள். ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த காய்கறிகள். 'ஹொர்தா' வேகவைத்த கீரை. 'நிஸ்தீசிமோ' என்றால் விரதச் சாப்பாடு. இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் இறாலும் ஆக்டோபஸும் அவர்களுக்கு விரதத்தில் சேர்த்தி, அதனால் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மெட்டியோராவை எடுத்துவிட்டோம். மோனெம்வசியாவில் கோட்டைக்குள்ளேயே அறை எடுக்கலாமா?

பதில் 1:
கண்டிப்பாக எடுங்கள். கார் கோட்டை வாசலோடு சரி. உள்ளே கல் பாவிய சந்துகளில் சக்கரப் பெட்டி உருளாது. ராத்திரிக்கு வேண்டிய துணியையும் அம்மாவின் மாத்திரைகளையும் ஒரு தோள்பையில் போட்டுக்கொண்டு, பெரிய பெட்டிகளை டிக்கியிலேயே விட்டுவிடுங்கள்.