பூவேலைத் தோல்பட்டை: ஆன்டிக் திட்டுத்திட்டா நிக்குது, சாயம் காளைக் கழுத்துல ஒட்டுது

அந்தியூர்க்காரன்:
வணக்கமுங்க. காங்கேயம் காளைக்கு 2 அங்குல அகலத்துல கழுத்துப்பட்டை. ஆவாரம்பட்டையில பதனிட்ட மாட்டுத்தோல், 3 மி.மீ. கனம். பூவும் கொடியும் டூலிங் (கத்தியில கீறி, அச்சு அடிச்சு உருவம் எடுக்கறது) முடிஞ்சது. பூ தோல் நிறத்துலயே நிக்கோணும், பின்னணி கரும்பழுப்பு, வெட்டுக்கோட்டுல ஆன்டிக் (பள்ளத்துல தங்கிக் கோட்டை எடுத்துக்காட்டற நிறப் பேஸ்ட்) இறங்கோணும். பூ மேல அக்ரிலிக் ரெசிஸ்ட் (நிறம் இறங்காம தடுக்கற பூச்சு) ஒரு கோட், காஞ்சதும் பட்டை முழுக்க டாபர்ல (பஞ்சு உருண்டை வெச்ச குச்சி) ஸ்பிரிட் டை (சாயம்), அப்புறம் ஆன்டிக் பேஸ்ட், கடைசியா மெழுகு. இப்ப பூவிதழ்ல பழுப்புத் திட்டு, அங்கங்க நீலக்கறுப்புப் புள்ளி, காளையோட வெள்ளைக் கழுத்துல சாயம். ஆடி மாசம் குருநாதசாமி கோயில் சந்தைக்குள்ள சரி பண்ணோணுமுங்க.

பெருந்துறை தோல்வேலை:
முதல்ல வரிசையை மாத்துங்க. ஸ்பிரிட் டையில இருக்கறது ஆல்கஹால். காஞ்ச அக்ரிலிக்கையும் அது இளக்கிடும், அதுவும் ஒரே கோட்னா தாங்கவே தாங்காது. ரெசிஸ்ட் தடுக்க வேண்டியது ஆன்டிக்கை, ஸ்பிரிட் டையை இல்லைங்க.

டூலிங் முடிஞ்ச தோல் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பின்னணிக்கு மட்டும் 2-ம் நம்பர் பிரஷ்ல டை. பிரஷ்ஷை நனைச்சதும் ஒரு துணியில ஒத்தி எடுத்துட்டு, பின்னணியோட நடுவுல வெச்சு ஓரத்துக்குத் தள்ளுங்க. சொட்டச் சொட்டக் கோட்டோரமா வெச்சா இதழுக்குள்ள ஊறிடும், அப்புறம் எதுவும் பண்ண முடியாது. மறுநாள் வெள்ளைத் துணியில தேச்சு உதிரி சாயத்தை எடுத்துட்டு, பூ, பின்னணி எல்லாத்துக்கும் சேர்த்து ரெசிஸ்ட் மூணு மெல்லிய கோட். முதல் கோட்டைத் தோல் குடிச்சிடும், இரண்டாவதுல இருந்துதான் படலமே கட்டும். கத்தி இறங்கின ஓரத்துல பிரஷ்ஷை எதிரும் புதிருமா ஓட்டுங்க. அங்க நுரை நின்னா, அது உடைஞ்ச இடம் ஊசிக்கண்ணாட்டம் திறந்துக்கும், ஆன்டிக் அதுவழியா இறங்கும். நீங்க சொல்ற திட்டுல பாதி இதுவாத்தான் இருக்கும்.

எண்ணெயும் பாருங்க. ஆவாரம்பட்டைத் தோலுக்குப் புங்க எண்ணெய் பூசற வழக்கம் உண்டு. ஒரு சொட்டுத் தண்ணி விட்டு, உறிஞ்சாம முத்தா நின்னா எண்ணெய் அதிகம், ரெசிஸ்ட் பிடிக்காது. டை போடறதுக்கு முன்னாடி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியில லேசா ஒரு துடை துடைச்சாப் போதும்.

ராத்திரி முழுக்கக் காஞ்சப்புறம் ஆன்டிக். ஒரு சாண் நீளம் பூசி, ஒரு நிமிஷத்துக்குள்ள துடைச்சுட்டு அடுத்த சாணுக்குப் போங்க. துணியைத் தட்டையா மடிச்சுத் துடைக்கோணும். விரல்நுனியில சுத்தித் துடைச்சா பள்ளத்துல இருக்கறதும் வந்துடும். திருப்பூர் பனியன் வேஸ்ட் நல்லதுதான், ஆனா வெள்ளைப் பருத்தியாப் பார்த்து எடுங்க. சாயத்துணி ஆல்கஹால் பட்டா அதுவே கறை விடும், லைக்ரா கலந்தது உறிஞ்சாது.

பவானி நோம்பி:
நீலக்கறுப்புப் புள்ளி இரும்புங்க. தோல்ல இருக்கற ஆவாரம்பட்டைச் சத்தும் இரும்பும் ஈரத்துல சேர்ந்தா அந்த நிறம்தான். போர்த்தண்ணி, துருப்பிடிச்ச அச்சு, பக்கத்துல கிரைண்டர் ஓட்டின தூசி, மூணுல ஒண்ணு. தோலை நனைக்க ஆர்.ஓ. தண்ணி, பிளாஸ்டிக் டப்பா. புள்ளி வந்துட்டா, டை போடறதுக்கு முன்னாடி அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு டீஸ்பூன் ஆக்சாலிக் அமிலம் கரைச்சுத் தோல் முழுக்கத் துடைங்க. புள்ளியில மட்டும் வெச்சா அந்த இடம் வெளுத்து வட்டம் விழும். அப்புறம் வெறும் தண்ணியில துடைச்சு எடுத்துடோணும். விஷமுங்க அது, கையுறை கட்டாயம், பொடி மூக்குல ஏறக்கூடாது.

இதே வினையை வேலைக்கும் வெச்சுக்கலாம். எண்ணெய் போகக் கழுவின ஸ்டீல் உல் ஒரு உருண்டையை அரை லிட்டர் வெள்ளை வினிகர்ல ஒரு வாரம் ஊற வெச்சு வடிகட்டுங்க. மூடியை இறுக்காதீங்க, வாயு கட்டும். தோல்ல முதல்ல கடுக்காய்த் தண்ணி, அது மேல இந்தக் கரைசல், கறுத்ததும் லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா கலந்த தண்ணியில துடைச்சு, காஞ்சதும் லேசா எண்ணெய். தோலோட சேர்ந்து உண்டாகற கறுப்பு, அதனால டை மாதிரி பொடியா உதிராது. ஆனா தண்ணியாட்டம் பரவும், பூவோரத்துக்கு ஆகாது. முழுக்கறுப்புப் பட்டைக்கு இதை அடிச்சுக்க வேறில்லை.

பெருந்துறை தோல்வேலை:
சாயம் ஒட்டறதுக்கு: ஆன்டிக் ஒரு நாள் காஞ்சதும், அக்ரிலிக் ஃபினிஷும் (கடைசி மேல்பூச்சு) ஆர்.ஓ. தண்ணியும் சரிபாதி கலந்து, ஸ்பாஞ்சுல ஒரே திசையில ரெண்டு கோட். முதல் கோட்டை அழுத்தி முன்னும் பின்னும் தேச்சா ஆன்டிக் கிளம்பிக் கலங்கிடும். மெழுகு அதுக்கு மேலதான். வேர்வை படற பட்டைக்கு வெறும் மெழுகு பத்தாது. உள்பக்கத்துக்கு டையே வேண்டாம், சாயம் போடாத தோல்ல லைனிங் தைச்சுடுங்க. சாயப்பட்டறைக்காரங்க பண்ற ரப்பிங் டெஸ்ட்டை நீங்களும் பண்ணுங்க: வெள்ளைத் துணியில காஞ்சபடி இருபது தேய், உப்புத்தண்ணியில நனைச்சு இருபது தேய். துணி வெள்ளையா இருந்தாத்தான் மாட்டுக்குக் கட்டலாம்.

அந்தியூர்க்காரன்:
ரொம்ப நன்றிங்க. இப்ப கையில இருக்கற பட்டையைத் தேத்த முடியுமுங்களா?

பவானி நோம்பி:
இதழ்ல இறங்கின பழுப்பு திரும்ப வராதுங்க. மெழுகையும் ரெசிஸ்ட்டையும் டீகிளேசர் (பழைய பூச்சைக் கரைச்சு எடுக்கற திரவம்) போட்டு எடுத்துட்டு, பூவையும் நடுப்பழுப்பாக்கிடுங்க. பின்னணி அதைவிடக் கருத்திருக்கறதால பூ எடுத்துத்தான் தெரியும். தோல் நிறத்துலயே பூ வேணும்னா புதுப்பட்டைதான். கழிச்ச துண்டுல ரெண்டு இதழ் வெட்டி, டையில இருந்து ஃபினிஷ் வரைக்கும் முழுசா ஒருதரம் பார்த்துட்டு அதுல கை வைங்க.