குறும்பட இசை வரவர முந்துகிறது, என்ன காரணம்?

கேள்வி (குடியாத்தம்): தெருக்கூத்து பற்றிய 12 நிமிடக் குறும்படத்துக்குப் பின்னணி இசை. தொடக்கத்தில் சரியாகப் பொருந்துகிறது, முடிவில் படத்தைவிட முக்கால் நொடி முந்திவிடுகிறது. முகவீணையும் (கூத்தில் ஊதும் சிறு குழல்) கீபோர்டும் சுருதி சேரவில்லை. சீரியல், சினிமா பக்கம் போக நினைப்பவன் எதைக் கவனிக்கணும்?

பதில் 1 (காட்பாடி): ஃபிரேம் ரேட்தான், அதாவது நொடிக்கு எத்தனை படச்சட்டம் என்பது. உங்களுக்கு வந்த வீடியோ 24, எடிட்டர் டைம்லைன் 23.976 ஆக இருக்கும். வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்று; 720 நொடிக்கு 0.72 நொடி, கணக்கு சரியா வருதே! டைம்கோட் (ஒவ்வொரு ஃபிரேமுக்குமான நேர எண்) பதித்த வீடியோவை அதே ரேட்டில் கேட்டு வாங்குங்க. சாம்பிள் ரேட் (நொடிக்கு ஒலியை எத்தனை முறை அளக்கிறோம் என்பது) 44.1-48 கிலோஹெர்ட்ஸ் குழப்பம் என்றால் சுருதியே ஏறியோ இறங்கியோ கேட்கும், இது அதில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக, தாளம், தந்தி, பேட் (கீபோர்டில் நீண்டு ஒலிக்கும் பின்னணி), முகவீணை எனத் தனித்தனி ஸ்டெம்களாக, அதாவது வகைக்கு ஒரு கோப்பாகக் கொடுங்க. எல்லாமே ஒரே இடத்தில் தொடங்கணும். படத்துக்கு 2 நொடி முன்னால் ஒரு ஃபிரேம் நீளத்துக்கு 'பீப்' ஒலி வைத்தால் பொருத்த எளிது, எடிட்டர் திட்டமாட்டார்.

பதில் 2 (ஆற்காடு): முகவீணையைக் கீபோர்டுக்கு இழுக்காதீங்க, அதன் சுருதி குழலிலேயே இருக்கு. முதலில் அதைப் பதிவு பண்ணி, கீபோர்டை சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் நகர்த்துங்க. ஆட்டோட்யூன் (சுருதியைத் தானாகத் திருத்தும் மென்பொருள்) போட்டால் கமகம் செத்துடும். வசனத்துக்கு அடியில் முகவீணையை வாசிக்கவே கூடாது, குரல் மூழ்கிடும்.

பதில் 3 (ராணிப்பேட்டை): 2012 பதிப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகு, திரையரங்குக்கு வெளியே இசை பயன்பட்டால் அதில் இசையமைப்பாளருக்கு உள்ள ராயல்டிப் பங்கை எழுதிக்கொடுத்துவிட முடியாது. ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் சேருங்க. சீரியலில் க்யூ ஷீட் (இசைப் பட்டியல்) முக்கியம்: எந்த இசை, எத்தனை நொடி, யாருடையது.