என்விடியா: ரிசல்ட்டுக்கு முன் விற்பதா, 24 மாதம் முடியும்வரை பொறுப்பதா?

கோவைக்காரன்:
அமெரிக்கச் சிப் நிறுவனமான என்விடியாவின் 60 பங்கு, 2024 ஆகஸ்டில் சராசரி 105 டாலருக்கு வாங்கியது. இப்போது 180 பக்கம் ஓடுகிறது. எல்ஆர்எஸ் (இந்தியர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் திட்டம்) வழியாக அனுப்பிய சொந்தப் பணம், கடன் இல்லை. 2026 பிப்ரவரி கடைசியில் காலாண்டு ரிசல்ட். வருகிற ஆகஸ்டில் 24 மாதம் முடிகிறது. அதற்கு முன் விற்றால் லாபம் வருமான வரி ஸ்லாப்பில் சேரும் (எனக்கு 30%), பிறகு விற்றால் 12.5%. என் மொத்த முதலீட்டில் இந்த ஒரு பங்கே 22% ஆகிவிட்டது. வரிக்காகப் பொறுக்கலாமா? 160-இல் ஸ்டாப் லாஸ் (விலை அந்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர்) போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமா? விற்றபின் விலை இறங்கினால் எங்கே திரும்ப வாங்குவது?

தணிக்கைமணி:
முதல் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்தால் இப்போது 31.2%, ஆகஸ்டுக்குப் பின் 13%. ஒரு பங்கில் லாபம் 75 டாலர். இன்று விற்றால் வரி 23.40, கையில் நிற்பது 156.60. பொறுத்து விற்று அதே 156.60 கையில் நிற்க வேண்டுமானால் அன்றைய விலை சுமார் 164.30 இருந்தால் போதும். அதாவது வரியில் மிச்சமாகும் பணம் ஏறத்தாழ 9% இறக்கத்தைத்தான் தாங்கும், அதற்குமேல் விழுந்தால் பொறுத்தது நஷ்டம். ரூபாய் மதிப்பு மாற்றத்தை இதில் சேர்க்கவில்லை, அதிக வருமானத்துக்கான சர்சார்ஜையும் விட்டுவிட்டேன்.

இந்தப் பங்குக்கு 9% என்பது ஒரே நாள் சமாச்சாரம். 2025 பிப்ரவரி ரிசல்ட்டுக்கு மறுநாள் 8.5% இறக்கம். 2024 ஆகஸ்டில் எதிர்பார்ப்பைத் தாண்டிய கணக்கைக் காட்டியும் 6.4% இறங்கியது. எதிர்ப்பக்கமும் உண்டு: 2023 மே ரிசல்ட்டில் ஒரே நாளில் 24% ஏறியது. ஆகவே வரிக்காக மட்டும் ஆறு மாதம் உட்கார்ந்திருப்பது சரியான காரணம் இல்லை. பங்கை எப்படியும் வைத்திருப்பீர்கள் என்றால் வரிச் சலுகை ஒரு கொசுறு, அவ்வளவுதான்.

வேப்பமரம்:
ஸ்டாப் லாஸ் பற்றி. சாதாரண ஸ்டாப் ஆர்டர் பொதுவாக அமெரிக்கச் சந்தை நேரத்தில் மட்டுமே வேலை செய்யும். பிப்ரவரியில் அது நமக்கு இரவு 8 முதல் 2:30 வரை. (மார்ச் இரண்டாம் ஞாயிறுக்குப் பிறகு 7 மணிக்கே தொடங்கிவிடும்.) ரிசல்ட் வருவது சந்தை மூடியபின், நம் நேரத்துக்கு அதிகாலை 3 மணி சுமாருக்கு. விலை அப்போதே விழுந்துவிட்டால் உங்கள் 160 ஆர்டர் அன்று இரவு 8 மணிக்குத்தான் விழிக்கும்; கிடைக்கிற விலைக்கு விற்றுவிடும்.

மலிவான சீன ஏஐ மாடலான டீப்சீக் பற்றிய செய்தி சந்தையை உலுக்கிய 2025 ஜனவரி 27-ஐப் பாருங்கள். முந்தைய மூடல் 142.62, அன்று திறந்ததே 124.80-இல். 135-இல் ஸ்டாப் வைத்தவர் 135-ஐப் பார்க்கவே இல்லை, 125 பக்கம் வெளியே போயிருப்பார். அன்று மூடல் 118.42, மறுநாளே 128.99. ஸ்டாப் லிமிட் (ஒரு விலைக்குக் கீழே விற்காதே என்று வரம்பு வைத்த ஸ்டாப்) வைத்தால் வேறு தொல்லை: லிமிட்டுக்குக் கீழே திறந்தால் ஆர்டர் நிறைவேறாமல் தொங்கும், பங்கு உங்களிடமே இருக்கும். முழுப் பங்காக இல்லாத துண்டுப் பங்குகளுக்குப் பல செயலிகளில் ஸ்டாப் வசதியே இல்லை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெல்ல இறங்கும் சந்தைக்குத்தான் ஸ்டாப். ரிசல்ட் இரவுக்குப் பாதுகாப்பு என்பது எத்தனை பங்கு வைத்திருக்கிறோம் என்பது மட்டுமே.

கோவைக்காரன்:
அப்படியானால் எத்தனை விற்பது? அன்று எவ்வளவு ஆடும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

அடையாறு ஆலமரம்:
திசை தெரியாது, அளவு ஓரளவு தெரியும். ரிசல்ட்டை ஒட்டிய வெள்ளிக்கிழமை முடியும் ஆப்ஷன்களில் (குறித்த விலைக்குப் பங்கை வாங்க அல்லது விற்க உரிமை தரும் ஒப்பந்தங்கள்), இப்போதைய விலைக்கு நெருங்கிய ஸ்ட்ரைக்கின் (அந்தக் குறித்த விலை) கால் (வாங்கும் உரிமை), புட் (விற்கும் உரிமை) இரண்டின் விலையையும் கூட்டுங்கள். 180-க்குக் கால் 6.50, புட் 6.30 என்று வைத்தால் 12.80, அதாவது சுமார் 7%. சந்தை எதிர்பார்க்கும் ஆட்டம் இது. உச்ச வரம்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஆப்ஷன் விலையைப் படிப்பதோடு நில்லுங்கள். எல்ஆர்எஸ் பணத்தில் மார்ஜின் (இத்தகைய வியாபாரத்துக்கான பிணைத்தொகை) கட்ட அனுமதி இல்லை.

எத்தனை என்பதற்கு: தனிப் பங்கு எதுவும் 10%-ஐத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. 22%-ஐ அங்கே கொண்டுவர 33 பங்கு விற்க வேண்டும், 27 மிஞ்சும். அதற்கு வரி சுமார் 770 டாலர். மிச்சம் 27 ஆகஸ்டைத் தாண்டட்டும். விற்பதைச் சந்தை திறந்த முதல் அரை மணியில் செய்யாதீர்கள், லிமிட் ஆர்டர் (குறைந்தபட்ச விற்பனை விலையை நீங்களே குறிக்கும் ஆர்டர்) போடுங்கள்.

திரும்ப வாங்குவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 2021 நவம்பர் உச்சத்திலிருந்து 2022 அக்டோபர் அடி வரை இந்தப் பங்கு சுமார் 66% விழுந்தது. '30% மலிவு' என்று மொத்தப் பணத்தையும் போட்டவர் அங்கிருந்தும் பாதிக்கு மேல் இழப்பைப் பார்த்தார். பணத்தை மூன்றாகப் பிரித்து, விற்ற விலையிலிருந்து 20, 35, 50 சதவீதம் கீழே வாங்கத் திட்டமிடலாம். அங்கே வராமலே ஏறிவிட்டால்? ஏறட்டும், அதற்குத்தான் 27 பங்கு இருக்கிறதே.

தணிக்கைமணி:
ஆலமரம் சொன்னதில் ஒரு சிக்கல். விற்ற டாலரைச் சும்மா போட்டு வைத்து மலிவு விலைக்குக் காத்திருக்க முடியாது. முதலீடு செய்யாத பணத்தை 180 நாளுக்குள் இந்தியாவுக்குத் திருப்ப வேண்டும். ஆகவே அமெரிக்கக் கருவூலப் பத்திர இடிஎஃப் (பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கும் நிதி) போல எதிலாவது போட்டு வையுங்கள். ஊருக்குக் கொண்டுவந்து மறுபடி அனுப்பினால் அது புதிய எல்ஆர்எஸ் கணக்கு. ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு 20% டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் முன்வரி) பிடிப்பார்கள். வருமான வரி ரிட்டர்னில் ஈடு கிடைக்கும், ஆனால் அதுவரை பணம் முடங்கும்.

பிப்ரவரியில் விற்றால் மார்ச் 15-க்குள் அட்வான்ஸ் டாக்ஸ் (முன்கூட்டிக் கட்டும் வருமான வரி) கட்ட வேண்டும். லாபத்தை ரூபாயாக்க, விற்ற மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் ஸ்டேட் வங்கி டிடி பையிங் ரேட் (TT buying rate, வங்கி டாலரை வாங்கும் விலை) எடுக்க வேண்டும். ரிட்டர்ன் படிவம் ஐடிஆர்-2. அதில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டும் ஷெட்யூல் எஃப்ஏ என்ற பகுதி நிதியாண்டு பார்க்காது, ஜனவரி முதல் டிசம்பர்தான். ஆகவே லாபம் இந்த நிதியாண்டு ரிட்டர்னில் வரும், அதே ரிட்டர்னின் எஃப்ஏவில் முழு 60 பங்கும் கையில் இருப்பதாகவே காட்ட வேண்டும். விற்பனை அடுத்த ஆண்டு எஃப்ஏவில் ஏறும். இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று பயந்து 27 என்று திருத்திவிடாதீர்கள்.