செஸ்னா 172: புது ரேடியோ போட்டதிலிருந்து ஹெட்செட்டில் இரைச்சல்

விமானம் 1975 செஸ்னா 172எம், 14 வோல்ட். கலிபோர்னியா, லிவர்மோரில் நிற்கிறது. பிப்ரவரியில் பழைய ரேடியோவைக் கழற்றிவிட்டு ஜிபிஎஸ் உள்ள புதியதும் இன்டர்காமும் போட்டோம். அன்றிலிருந்து ஹெட்செட்டில் ‘ஙொய்’ என்று ஒரே சத்தம். எஞ்சின் ஆர்பிஎம் (சுற்று வேகம்) ஏற ஏறக் கீச்சென்று மாறுகிறது. மாஸ்டர் ஸ்விட்சில் ஆல்டர்னேட்டர் (எஞ்சினால் சுழன்று மின்சாரம் தருவது) பாதியை மட்டும் அணைத்தால் சட்டென்று நின்றுவிடும். ரேடியோ வால்யூமை அடியோடு குறைத்தாலும் போகவில்லை, அதனால் ஆன்டெனா வழியாக வருவதில்லை.

வேறு ஹெட்செட் மாட்டிப் பார்த்தாச்சு. ஆல்டர்னேட்டர் ஃபில்டர் புதுசு. எஞ்சின் கிரவுண்ட் ஸ்ட்ராப்பையும் துரு சுரண்டி இறுக்கியாச்சு. மெக்கானிக் பேனலை முழுக்கப் பிரிக்கணும் என்கிறார். கூலியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எனக்கு ஹெட்செட் செருகும் ஜாக்குகளை விமான உடலில் படாமல் பிரித்து வைக்கும் இன்சுலேஷன் வாஷர் மேல்தான் சந்தேகம்.

பேனலைப் பிரிக்காமல், கிரவுண்ட் லூப் (ஆடியோ கிரவுண்ட் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் விமான உடலைத் தொட்டு இரைச்சலை இழுப்பது) ஜாக் பக்கம்தான் இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?